கட்டாக்காலிகள் – 7
எட்டாத தண்ணீர்

ஆவணி மாதத்து மத்தியானத்தில் நெடுந்தீவின் தெற்கு வெளிக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு கட்டுக் கிணறு. அதைச் சுற்றி ஏழெட்டுக் குதிரைகள், விலா எலும்பை எண்ணிவிடலாம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. குதிரை கட்டின்மேல் கழுத்தை நீட்டி உள்ளே பார்க்கிறது, மூக்கை விரித்து மோந்து பார்க்கிறது, பிறகு அப்படியே நிற்கிறது. வாளியைப் போட்டு இறைத்து ஊற்ற ஆள் வேண்டும். சோளகம் புழுதியை வாரி அடிக்க, அவை நின்றுகொண்டே இருக்கின்றன.

சென்ற வாரம் மன்னார்க் கழுதைகளைப் பற்றி எழுதியிருந்தேன். பொதி சுமந்த காலம் போய், லாண்ட்மாஸ்டரும் முச்சக்கர வண்டியும் வந்தபின் வீதிக்கு விடப்பட்டவை அவை. வாகனம் மோதிக் கால் முறிந்தவற்றுக்கும் புண்ணில் புழு வைத்தவற்றுக்கும் பிரிட்ஜிங் லங்கா அமைப்பினர் மன்னாரில் ஒரு வைத்திய நிலையம் நடத்துகிறார்கள் என்பதையும் சொல்லியிருந்தேன். அதை வாசித்த நண்பர் ஒருவர், நெடுந்தீவுக் குதிரைகளையும் இப்படிப் பிடித்து, நல்ல இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் விட்டால் என்ன என்று கேட்டார். இரக்கத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் கூடாது என்பதே என் பதில். ஏன் கூடாது என்று சொல்வதற்கு, இந்தக் குதிரைகள் இங்கே வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் தீவுக்கடலில் குதிரை ஏறி இறங்கிய கதை ஒல்லாந்தரோடு தொடங்கியதல்ல. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கை அரசு எடுத்துக்கொண்டு மூன்று பங்கை உடையவனுக்கு விட வேண்டும் என்றும் அது சொல்கிறது. மற்றச் சரக்கு என்றால் பாதிக்குப் பாதி. குதிரை கொண்டுவருபவனுக்கு மட்டும் இத்தனை சலுகை! கரையில் அதற்கு அவ்வளவு தேவை இருந்திருக்கிறது. மறுகரையில் பாண்டிய நாட்டிலும் இதே தேவைதான். ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரை வாங்குகிறார்கள், ஆனால் பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போகின்றன என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். பெரும் விலை கொடுத்து வாங்கிவிட்டுப் பராமரிக்காமல் விடுவது இந்தக் கடலின் இரு கரைகளிலும் பழைய பழக்கம் போலும்.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்ரர்டாம் ஆனது, வேலணை லெய்டன் ஆனது. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ற் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. குதிரை வளர்ப்புக்கு இந்தத் தீவு அவர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. பரந்த புல்வெளி. சுற்றிலும் கடல், ஆகவே வேலி தேவையில்லை. பிறகு வந்த ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி அந்தத் தொழிலைத் தொடர்ந்தார். அந்தக் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் வெளியில் நிற்கின்றன. தொழில் படுத்தது, அதிகாரிகள் போனார்கள். குதிரைகள் நின்றுவிட்டன.

நின்றவை தலைமுறை தலைமுறையாகப் பெருகிக் காட்டுக் குதிரைகளாகிவிட்டன. ஒரு கடுவனின் பின்னால் சில பெட்டைகள், குட்டிகள் என்று கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. கயிறு அறியாத, கை படாத உடம்பு. இப்படிப்பட்ட ஒன்றைத் துரத்திப் பிடித்து, கட்டி, படகில் ஏற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவருவதை நினைத்துப் பாருங்கள். மிரண்டு ஓடுகையில் கல்வேலியில் மோதிக் காலை முறித்துக்கொள்ளும். கால் முறிந்த குதிரையைக் காப்பாற்றுவது எந்த வைத்தியருக்கும் மிகக் கடினம். பிழைத்தாலும் கூட்டத்தைப் பிரிந்த துயரம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1969 முதல் இயங்கும் கழுதைச் சரணாலயம், பழக்கப்பட்ட கழுதைகளையே இரண்டிரண்டாகத்தான் வளர்க்கக் கொடுக்கிறது. சோடியில் ஒன்று செத்தால், மற்றது அருகில் நின்று பார்த்துப் போகும்வரை உடலை எடுக்க மாட்டார்கள். மனிதனோடு பழகிய பிராணிக்கே அப்படியென்றால், இவற்றைப் பிரித்தெடுப்பதை என்னவென்று சொல்வது? நெடுந்தீவுக் குதிரைகளைத் தீவைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருப்பது நல்லதே.

ஆகவே வேறு வீடு தேட வேண்டியதில்லை. அவற்றின் வீடு அதுதான். 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதியைத் தேசிய பூங்காவாக அரசு அறிவித்ததும் அதை ஏற்றுக்கொண்டதற்குச் சமம். ஆனால் பூங்கா என்று அறிவித்தால் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்துவிடாது.

நெடுந்தீவில் ஆறு இல்லை. நிலம் சுண்ணாம்புக் கல். மாரி மழை கல்லிடுக்கால் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்குகிறது. அதுதான் நல்ல தண்ணீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறிவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்வதை வைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும். கேணிகளிலும் பள்ளங்களிலும் தேங்கியது வற்றும்வரை குதிரைகளுக்குக் குறையில்லை. வற்றியபின் கிணற்றில்தான் தண்ணீர், அதை இறைக்க மனிதன் வேண்டும். சிறிய குதிரைக்கும் வெயில் காலத்தில் நாளொன்றுக்கு இருபது லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். மழை பொய்த்த ஆண்டுகளில் அவை செத்து விழுந்த செய்திகளை நாம் பத்திரிகைகளில் வாசித்திருக்கிறோம். படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியும் இருக்கிறோம்.

அந்த மாதங்களில் தீவுச் சனங்களே குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைகிறார்கள் என்பதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனமில்லை. குழந்தைக்குத் தண்ணீர் தேடும் தாயிடம் போய்க் குதிரைக்கும் ஊற்று என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. இந்தப் பாரத்தைத் தீவுக்காரரின் தலையில் வைப்பது அநியாயம். குதிரையின் படத்தைச் சுற்றுலா விளம்பரங்களில் போடுகிறவர்கள் சுமக்க வேண்டிய பாரம் இது.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் அல்ல. தெற்கு வெளியில் உள்ள கேணிகளையும் பள்ளங்களையும் புரட்டாசிக்குள் தூர்வாரினால், மாரி முடிந்தபின்னும் கூடுதலான நாளுக்குத் தண்ணீர் நிற்கும். முக்கியமான கிணறுகளின் அருகே, குட்டிக்கும் எட்டும் உயரத்தில் சீமெந்துத் தொட்டி வேண்டும். அவற்றை நிரப்பக் கோடை மாதங்களில் கூலிக்கு ஆள் வைக்கலாம். சூரிய மின்சாரப் பம்பி போடலாம், ஆனால் உவர் ஏறாத அளவுக்கு மெதுவாக இறைப்பதாக இருக்க வேண்டும். பூங்கா வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. மற்றவை பிரதேச சபையும் பிரதேச செயலகமும் சேர்ந்தால் முடியக்கூடியவை. வெளிநாட்டில் இருக்கும் நெடுந்தீவு மக்கள் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுப்பவர்கள். ஒரு தொட்டிக்குக் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.

நேர் எதிர்க்கரையில், வேதாரணியத்துக்குத் தெற்கே கோடியக்கரைச் சரணாலயத்திலும் மட்டக் குதிரைகள் காடேறித் திரிகின்றன. அவையும் மனிதர் வளர்த்துக் கைவிட்டவைதான். பாக்கு நீரிணையின் இரண்டு பக்கமும் ஒரே மழையை நம்பி ஒரே பிராணி நிற்கிறது.

நெடுந்தீவுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். குதிரைக்கு பிஸ்கற்றும் பாணும் போடாதீர்கள். பொலித்தீன் பையை வெளியில் எறியாதீர்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது குடலை அடைத்தால் வலியில் புரண்டு புரண்டே சாகும். படம் எடுப்பதற்காகக் கூட்டத்தைத் துரத்தாதீர்கள், தண்ணீர் இல்லாத நாளில் அந்த ஓட்டம் அதன் உயிரைக் குடிக்கும். கோடையில் போனால் ஒரு வாளியும் கயிறும் கொண்டுபோங்கள். கிணற்றடியில் குதிரை நின்றால் நாலு வாளி இறைத்து, பள்ளமான ஓரிடத்தில் ஊற்றிவிட்டுத் தள்ளிப்போய் நில்லுங்கள். நீங்கள் விலகினால்தான் அது வந்து குடிக்கும்.

(தொடரும்)