இரத்தம் ஏற்றினால் மட்டும் போதுமா?



பிறக்கும்போது கொழுகொழுவென்றிருந்த பிள்ளை, சில மாதங்களில் வெளிறிப்போகிறது. பால் குடிக்க மறுக்கிறது. வயிறு வீங்குகிறது. கண்ணூறு பட்டுவிட்டதென்று தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம். ஓதுவது நல்லதே, அதோடு நின்றுவிடாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்கள் நமது நபி (ஸல்) அவர்கள். இது தலசீமியாவாக இருக்கலாம்.

இப்பிள்ளையின் உடல் ஹீமோகுளோபினைப் போதியளவு ஆக்குவதில்லை. இரும்புச்சத்து மருந்து இதைத் தீர்க்காது. குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் உண்டு. அநுராதபுரம், பதுளை, றாகமை வைத்தியசாலைகளிலும் இச்சிகிச்சை கிடைக்கிறது. அரச வைத்தியசாலைகளில் இது இலவசம். 3, 4 வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுவார்கள். பிள்ளை மீண்டும் ஓடியாடி விளையாடும்.

இங்குதான் தாய்மார் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ஒரு பை இரத்தத்தோடு ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பும் உடலுக்குள் வருகிறது. அதைத் தானாக வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் அது ஓசையின்றிப் படிகிறது. வளர்ச்சி குன்றும், பருவமடைதல் தாமதிக்கும், இறுதியில் இதயமே பழுதாகும்.

எனவே, இரும்பை அகற்றும் மருந்து கட்டாயம். டெஸ்பெரியோக்ஸமின் என்ற மருந்தைச் சிறு பம்பி மூலம் தோலின் கீழ், இரவில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் 5, 6 நாட்கள் செலுத்த வேண்டும். டெஃபெராசிரொக்ஸ் என்பது வாயால் உட்கொள்ளும் மருந்து. எது உகந்ததென வைத்தியர் தீர்மானிப்பார். பிள்ளை அழுகிறதே, பார்க்கச் சுகமாகத்தானே இருக்கிறதென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சில வீடுகளில் உம்மாவை மட்டும் குறை சொல்கிறார்கள். இது அநியாயம். வாப்பா, உம்மா இருவருமே இக்குறையின் காவிகளாக இருந்தால்தான் கடும் தலசீமியா வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கான வாய்ப்பு 4 இல் 1. காவியோ பொதுவாகச் சுகமாகவே இருப்பார். பரிசோதித்தாலன்றித் தெரியவராது.

மச்சான் மச்சாள் திருமணம் மார்க்கத்தில் ஆகுமானதே. ஆயினும், இந்நோய் உள்ள குடும்பத்துக்குள்ளேயே மணமுடித்தால் ஆபத்து கூடுகிறது. ஆகவே நிக்காஹ் பேசுமுன் இரு தரப்பும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வீடு, காணி, நகை பற்றிப் பேசப் பல நாட்களைச் செலவிடுகிறோம். பிறக்கப்போகும் பிள்ளைக்காக ஒரு காலைப்பொழுதை ஒதுக்கக்கூடாதா?