குழிந்த முகமூடி ஏன் புடைத்துத் தெரிகிறது?

வன்னியின் கோயில் திருவிழாக் கடைகளில் கிடைக்கும் முகமூடியொன்றின் உட்குழிந்த பக்கத்தைச் சில அடி தள்ளி வைத்து, ஒரு கண்ணை மூடி நோக்குங்கள். மூக்கு உங்களை நோக்கிப் புடைத்து நிற்பதோடு, நீங்கள் நகரும்போது முகமும் உங்களைத் தொடர்ந்து திரும்புவதாகத் தோன்றும்.

இது எப்படி நிகழ்கிறது?

கண்ணின் விழித்திரையில் விழுவது தட்டையான உருவமே. ஆழத்தை நிழல், இரு கண்களின் பார்வை வேறுபாடு, பழைய அனுபவம் ஆகியவற்றைக் கொண்டு மூளை ஊகிக்கிறது.

எழுத்துகள் பாதி அழிந்த பெயர்ப்பலகையைக் 'கிளிநொச்சி' என்று ஊரறிந்தவர் தயக்கமின்றி வாசிப்பதுபோல, மேலிருந்து ஒளிபட்ட புடைப்புக்கும் கீழிருந்து ஒளிபட்ட குழிக்கும் நிழல் ஒத்திருக்கையில், புடைத்த முகங்களையே கண்டு பழகிய மூளை புடைப்பையே தேர்ந்தெடுக்கிறது.

இம்மாயத்தோற்றத்தை ஆராய்ந்த பிரித்தானிய உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரி, காட்சி என்பது மூளை அமைக்கும் கருதுகோள், அதாவது சான்றுகளிலிருந்து எழும் ஊகம், என விளக்கினார்.

இரு கண்களையும் திறந்து மிக அருகில் நோக்கினால், பார்வை வேறுபாடு என்னும் சான்று வலுப்பெற்று, உண்மையான குழிவு புலப்படும்.