வேடம் கட்டியவர் வாத்தியாரானால்

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து துறைமுகத்தை ஒட்டித் தெற்கே போனால் ஜார்ஜ் டவுன் வந்துவிடும். அங்கே ஆச்சாரப்பன் தெருவில் வளர்ந்த ஒரு மாணவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே இளக்காரம். 1891-ல் பல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் தெலுங்குக் குழு சென்னைக்கு வந்தது. படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் வேடம் கட்டி நடித்ததைப் பார்த்ததும் அந்த இளக்காரம் போயே போயிற்று. அதே ஆண்டு ஜூலை 1-ல் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார்.

1893-ல் விக்டோரியா பப்ளிக் ஹாலில் சபையின் ‘புஷ்பவல்லி’ அரங்கேறியபோது அவருக்கு வயது 20. நாடகத்தை எழுதியவர் அவரே. வேடம் கட்டியதும், மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் அவரே. பாட்டு விடிய விடிய ஓடிக்கொண்டிருந்த காலத்தில் உரைநடை வசனத்தை நம்பி மேடையேறிய துணிச்சலை வயதின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

வேடமும் கட்டி, மற்றவர்களுக்குப் பாடமும் சொல்லிக் கொடுப்பது எளிதல்ல. நடிகர் முதல் முறையாக ஒரு காட்சியை இயக்கும்போது மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். சக நடிகர் தடுமாறினால், “இப்படிச் செய்” என்று தானே நடித்துக் காட்டத் தோன்றும். கை அசைவு, குரல் ஏற்ற இறக்கம் எல்லாம் அப்படியே ஒட்டிக்கொள்ள, கடைசியில் மேடையில் ஐந்து பேரும் ஒரே ஆளாக நிற்பார்கள். தானும் காட்சியில் இருந்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பு. கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு யார் யாரை மறைக்கிறார், எந்த வசனம் காதில் விழவில்லை என்பது மேடை மேல் நிற்பவருக்குத் தெரியாது.

இது நம்மூர்ச் சங்கடம் மட்டுமில்லை. ‘புஷ்பவல்லி’க்கு ஐந்து ஆண்டுகள் கழித்து மாஸ்கோவில் செகாவின் ‘கடற்பறவை’யை இணைந்து இயக்கிய ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் அதில் எழுத்தாளர் திரிகோரினாக நடித்தார். இயக்குநர் என்ற தனி வேலையே உலக மேடையில் அப்போதுதான் உருப்பெற்றுக்கொண்டிருந்தது.

பம்மலார் காலத்து நாடக ஆசிரியரான சங்கரதாஸ் சுவாமிகள் எடுத்த வழி வேறு. தூத்துக்குடிப் பக்கம் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், 24 வயதில் நாடகத்துக்கு வந்து எமன், இரணியன், சனீஸ்வரன் என்று மிரட்டும் வேடங்களாகக் கட்டினார். சனீஸ்வரன் வேடத்தோடு அவரைப் பார்த்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டதாக ஒரு கதை நாடகக்காரர்களிடையே உண்டு. அதன் பிறகு அரிதாரத்தைத் தொடவே இல்லையாம். கதையில் எவ்வளவு உண்மையோ, நடிப்பை விட்டுவிட்டு அவர் முழுநேர வாத்தியாரானது உண்மை.

வளர்ந்த நடிகர்கள் சொன்னதைக் கேட்காமல் மேடையில் இஷ்டத்துக்கு வாதம் வளர்த்த காலம் அது. சுவாமிகள் சிறுவர்களைச் சேர்த்தார். 1910-ல் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையில் எஸ்.ஜி. கிட்டப்பா பயின்றார். 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்வ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்களில் சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதினார் என்பார்கள். எந்த நடிகருக்கு எது வரும் என்று தெரிந்துகொண்டு எழுதிய நாடகம் அது. வெளியே நின்று பார்த்தவருக்குத்தான் அது கைகூடும். ஆனால் விலை பெரிது: ஒரு நல்ல நடிகரை மேடை இழந்தது.

பம்மலார் அந்த விலையைக் கொடுக்கவில்லை. 1895-ல் எழுதிய ‘மனோகரா’வில் தலைமை வேடமும் அவருடையதே. எதிரே பெண் வேடங்களில் நடித்த சி. ரங்கவடிவேலு 1923-ல் இறக்கும்வரை அவருக்கு இணையாக நின்றார். நாடகத்தை முழுதாகப் புரிந்த துணை ஒருவர் மேடையிலேயே இருந்தால் இயக்குநர் நடிக்கவும் செய்யலாம் என்பது இந்த ஜோடியிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

அப்படிப்பட்ட துணை முதல் காட்சியிலேயே அமையாது. திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ தெருமுனை நாடகத்தில் நடிக்கும் இளைஞர் ஒருவரிடம் குழு முதல் முறையாக ஒரு காட்சியை ஒப்படைத்தால், அந்தக் காட்சியில் தனக்கு வேடம் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. ஒத்திகைக்கு முன் பம்மலாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலையும் புரட்டிப் பாருங்கள். இணையத்தில் விக்கிமூலத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.