50 ஹெர்ட்ஸ் எப்படி 3000 சுற்று ஆகிறது?

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் ஒரு தண்ணீர் பம்பின் தகட்டைப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸ் என்றும், நிமிடத்துக்கு 2850 சுற்று என்பது போலவும் எழுதியிருக்கும். ஹெர்ட்ஸ் நொடிக்கணக்கு, சுற்று நிமிடக்கணக்கு. எனவே 60-ஆல் பெருக்கினால் போதும் என்பார்கள். 50 × 60 = 3000. இது இரு துருவ இயந்திரத்துக்கு மட்டுமே சரி. ஜெனரேட்டரில் இருதுருவக் காந்தம் ஒருமுறை சுழன்றால் கம்பிச்சுருளை ஒரு வடதுருவமும் ஒரு தென்துருவமும் கடக்கின்றன. மின்னோட்டம் ஒருமுறை திசை மாறித் திரும்புகிறது. அங்குள்ள சுங்கை பூலாய் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தஞ்சோங் பின் போன்ற நிலக்கரி மின் நிலையங்களில் டர்பைன் பொதுவாக 3000 சுற்றில் ஓடுவது இதனால்தான். நான்கு துருவம் என்றால் ஒரே சுற்றில் இருமுறை. 1500 சுற்றே போதும். ஆக, ஹெர்ட்ஸை 120-ஆல் பெருக்கித் துருவ எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

அப்படியானால் பம்ப் ஏன் 2850-இல் நிற்கிறது, தயாரிப்பில் குறையா? இல்லை. தூண்டல் மோட்டாரில் சுழலும் காந்தப்புலத்தோடு ரோட்டரும் சரிசமமாக ஓடினால் அதில் மின்னோட்டமே தூண்டப்படாது, தள்ளுவிசையும் பிறக்காது. அந்த 150 சுற்றுப் பின்தங்கல்தான் மோட்டாரை இயக்குகிறது. சுமை ஏறினால் அது கூடும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கென 3450 சுற்று எனக் குறித்த மோட்டாரை இங்கே மாட்டினால் அந்த வேகம் வராது. வாங்குமுன் ஹெர்ட்ஸைப் பாருங்கள்.