இல்லாத கால் வலிக்கும்போது

கைத்தொலைபேசிக் கமராவில் நமது முகத்துக்குப் பூனைக்காது முளைப்பதைப் பிள்ளைகள் காட்டிச் சிரிப்பார்கள். முகம் உண்மை; காது கணினி வரைந்தது. இப்படி உண்மையையும் கணினிப் படத்தையும் ஒன்றாகக் காட்டுவதே கலப்பு யதார்த்தம். இது விளையாட்டுக்கு மட்டுமல்ல சகோதரிகளே, போரில் கை கால் இழந்த நமக்கும் உதவக்கூடியது.

2006இல் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்தபோது ஷெல் பட்டு எனது இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. இன்று திருகோணமலையில் தையல் தொழில் செய்கிறேன். காயம் ஆறிய பின்பும் இல்லாத பாதத்தின் விரல்கள் முறுக்கி வலித்தன. சிலர் மனப்பிரமை என்றார்கள். சிலர் நூல் கட்டச் சொன்னார்கள். இரண்டும் சரியல்ல. கால் போனாலும் அதற்குரிய இடம் மூளையில் இருக்கிறது. அதனால் வலியும் உண்மையானதே.

தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். அதை அசைக்க, இழந்த கை அசைவதாக மூளை உணரும். 2007இல் அமெரிக்காவில் கால் இழந்த படைவீரர்கள் தினமும் 15 நிமிடம் இவ்வாறு பயிற்சி செய்தபோது வலி குறைந்தது.

ஆனால் இரு கால்களையும் இழந்தவருக்குக் கண்ணாடி உதவாது. அங்கேதான் கணினி வருகிறது. சுவீடன் ஆய்வாளர்கள், எஞ்சிய தசையின் மின்சைகைகளைத் தோலில் ஒட்டிய கருவியால் அறிந்து, திரையில் தெரியும் நோயாளியின் உடலில் வரைந்த கையை அசையவைத்தனர். 2016இல் வெளியான அந்த ஆய்வில், வேறு சிகிச்சை பலிக்காத, கை இழந்த 14 பேர் 12 தடவை பயின்றனர். அளவிட்ட முறைக்கேற்ப மூன்றிலொன்று முதல் பாதி வரை வலி குறைந்தது.

அந்தக் கருவி நமது கைக்கு எட்டாதிருக்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடி எட்டும். இயன் மருத்துவர் ஒருவர் காட்டித்தந்தபடி நீளக் கண்ணாடியைக் கால்களுக்கிடையே நிறுத்தி, வலது பாதத்தை மெதுவாக அசைத்தேன். முதல் கிழமை மாற்றமில்லை. மூன்றாம் கிழமையில் இரவில் விழிப்பது குறைந்தது. வலி முற்றாகப் போகவில்லை, தூக்கம் வந்தது.

எல்லோருக்கும் இது பலன் தராது. சிலருக்குத் தலைசுற்றும், மனம் கலங்கும், அப்போது நிறுத்திவிடுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது, “இல்லாத கால் வலிக்கிறது” என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொன்னால்தான் சிகிச்சை தொடங்கும்.