கணக்கு அழியவில்லை, அளவுதான் மாறியது!

"ஐயோ, பத்து வருஷக் கணக்கும் போச்சே!"

காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை. அதன் கணக்குப்பிள்ளை இப்படி அலறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொப்பரைக் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அந்த டிஸ்க் ஒரு சிறு பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் மாட்டுவார். ஒரு நாள் பெட்டி பழுதாயிற்று. டிஸ்க்கை வெளியே எடுத்து, கம்ப்யூட்டரில் நேராக மாட்டினார்.

திரையில் ஒரு செய்தி தோன்றியது: "இந்த டிஸ்க்கைப் பார்மட் செய்ய வேண்டும். செய்யலாமா?"

பார்மட் என்றால் என்ன? பழைய பதிவேட்டைத் தள்ளிவிட்டுப் புதிய பதிவேடு தொடங்குவது. "ஆம்" என்று அழுத்தினால் கணக்கு கைவிட்டுப் போகலாம்!

படியும் மரக்காலும்

உண்மையில் டிஸ்க் கெடவில்லை. ஓர் எழுத்தும் அழியவில்லை. பின் ஏன் இந்தச் செய்தி?

டிஸ்க்கில் உள்ள இடம் சிறு சிறு கட்டங்களாக எண்ணப்படுகிறது. பல்லாண்டுகளாக ஒரு கட்டத்துக்கு 512 பைட் என்பது வழக்கம். பழைய முறைப் பதிவேட்டில் இந்தக் கட்டங்களைக் கொண்டு சுமார் 2 டெராபைட் வரைதான் எண்ண முடியும். அதைவிடப் பெரிய டிஸ்க்குகள் வந்தன. அப்போது சில பெட்டிகள், 8 கட்டங்களைச் சேர்த்து 4,096 பைட் கொண்ட ஒரே கட்டமாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டின.

8 படி 1 மரக்கால் அல்லவா? பெட்டி இருந்தபோது, "நூறாவது மரக்காலில் இருக்கிறது" என்று பதிவாயிற்று. பெட்டி போனதும், கம்ப்யூட்டர் நூறாவது படியில் தேடியது. அங்கே வேறு எதுவோ இருந்தது. உடனே, "சரியில்லை" என்று சொல்லிவிட்டது!

என்ன செய்யலாம்?

முதலில் "வேண்டாம்" என்று அழுத்துங்கள். புதிதாக எதையும் அந்த டிஸ்க்கில் எழுதாதீர்கள். முன்பு இருந்த அதே வகைப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பைல்கள் அப்படியே தெரியும். உடனே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை மாற்றாமலே இப்படிச் செய்தி வந்தால், கேபிளை மாற்றிப் பாருங்கள். வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். ஆனால் டிஸ்க்கிலிருந்து "டக், டக்" என்று சத்தம் வந்தால் அது உண்மையான நோய். உடனே மின்சாரத்தை நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வண்டி நின்றுவிட்டால் காங்கேயத்து விவசாயி காளையை அடிப்பதில்லை. இறங்கி, முதலில் கடையாணியைப் பார்ப்பார். கம்ப்யூட்டருக்கும் அந்த நிதானம்தான் வேண்டும்!