கேட்டைத் தாண்ட மகனின் கையெழுத்து வேண்டாம்

"ஐயா, உங்க பையன் போன் பண்ணிச் சொன்னாத்தான் கேட்டைத் திறப்பேன்." கட்டணம் வாங்கும் முதியோர் இல்லங்களின் வாசலில் காவலாளிகள் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். கேட்டுக்கு உள்ளே நிற்பவர் ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவராக இருப்பார். பென்ஷன் அவர் பேரில் வருகிறது, பாஸ்புக் அவர் பையில் இருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. தெருமுனையில் ஒரு டீ குடித்துவிட்டுப் பேப்பர் வாங்கிவர மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. ஏன் என்று கேட்டால், சேர்த்த அன்று மகன் கையெழுத்துப் போட்ட படிவத்தை மேலாளர் எடுத்துக் காட்டுவார். "என் ஒப்புதல் இல்லாமல் வெளியே அனுப்பக் கூடாது" என்று அதில் ஒரு வரி இருக்கும்.

அந்த வரி அவரைக் கட்டுப்படுத்தாது. தன் முடிவைத் தானே எடுக்கக்கூடிய ஒருவரின் நடமாட்டத்தைப் பிள்ளை எழுதிக்கொடுத்து நிறுத்திவைக்க முடியாது. மாதாமாதம் பணம் கட்டுவதால் மகன் அப்பாவுக்குக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக உள்ளே பூட்டிவைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவில் வரும் குற்றம். இல்லம் நடத்துகிறவர்களுக்கு இது முதல் பாடமாக இருக்க வேண்டும். பலர் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பது அவர்களோடு பேசினாலே தெரிந்துவிடுகிறது.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம், செல்போன் கையில் இருக்கட்டும் என்று சொல்லலாம், இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். இவை நியாயமான ஏற்பாடுகள். மறதி நோய் உள்ளவரைத் தனியே அனுப்ப முடியாது என்பதும் சரிதான். அவரை ஒருவர் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆயுள் முழுக்க உள்ளேயே வைத்திருக்கலாம் என்று யாரும் அனுமதி கொடுக்கவில்லை. தனிமை மறதி நோய்க்கான அபாயங்களில் ஒன்று என்று லான்செட் ஆணையம் 2024 அறிக்கையில் பட்டியலிட்டிருக்கிறது. நாள் முழுக்க ஹாலில் டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வெளியே போவதும் நாலு பேரோடு கலப்பதும் இல்லம் போடும் பிச்சை என்றே பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 'நலன்' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்திலேயே உணவு, மருத்துவத்தோடு பொழுதுபோக்கு மையங்களும் சேர்ந்திருக்கின்றன. முதியோர் இல்லங்களை நடத்த அரசு வகுக்கும் திட்டத்தில் மருத்துவ வசதியோடு பொழுதுபோக்குக்கான வசதிகளும் இடம்பெற வேண்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோர் 'இயல்பான வாழ்க்கை' வாழத் தேவையானதைச் செய்வது பிள்ளைகளின் கடமை என்கிறது 4-ஆம் பிரிவு. இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதும்போது கைகொடுக்கும்.

இனி செய்ய வேண்டியது. பெரும்பாலோர் வாய்வார்த்தையாகச் சண்டை போட்டுவிட்டு அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வாயால் கேட்டது கேட்காததற்குச் சமம். எழுத்தில் கொடுங்கள்.

முதல் கடிதம் இல்ல நிர்வாகிக்கு. எழுதுவது இல்லத்தில் இருப்பவர்தான், பிள்ளை அல்ல. கை நடுங்கினால் வேறொருவர் எழுதலாம், கையெழுத்தோ ரேகையோ பெரியவருடையதாக இருக்க வேண்டும். பெயர், வயது, எந்தத் தேதியிலிருந்து தங்கியிருக்கிறார் என்பதைச் சொல்லிவிட்டு இப்படி எழுதலாம்: "என் முடிவுகளை நானே எடுத்துவருகிறேன். வாரத்தில் இன்ன நாட்களில், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை வெளியே சென்றுவர விரும்புகிறேன். என் சார்பில் வேறு யார் எழுதிக்கொடுத்திருந்தாலும் அது என் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தாது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவும்." இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். போட மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் இல்லத்தின் முகவரிக்கே அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பல இல்லங்களில் இந்த ஒரு கடிதத்திலேயே கேட் திறந்துவிடும், எழுத்தில் மறுக்க அவர்களுக்கே பயம்.

அப்படியும் நடக்கவில்லை என்றால் அடுத்த இடம் மாவட்ட சமூக நல அலுவலகம். பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். முதியோர் இல்லங்களின் பதிவையும் ஆய்வையும் பார்ப்பது இவர்கள்தான். மனுவோடு சேர்க்கைப் படிவத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, நிர்வாகிக்குக் கொடுத்த கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் வெளியே விட மறுத்தார் என்று குறிப்பிடுங்கள். 'அடிக்கடி மறுக்கிறார்கள்' என்று பொதுவாக எழுதிய மனுவைத் தூக்கி ஓரமாக வைப்பது அவர்களுக்கு எளிது. இல்லத்தின் பதிவு எண்ணும் வேண்டும். அது அலுவலக அறைச் சுவரில் சான்றிதழாக மாட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். எங்குமே இல்லை என்றால், பதிவு பெற்ற இல்லம்தானா என்று அதே மனுவில் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தனி வலு உண்டு.

அலுவலகத்தில் "மேடம் ஃபீல்டுக்குப் போயிருக்காங்க, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். மேடம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தபால் பிரிவில் மனுவைக் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். எழுபது வயதுக்காரரை மாடிப்படி ஏறவைத்து வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதை வழக்கமாக வைத்திருக்கும் அலுவலர்கள், எந்தச் சட்டத்தைச் செயல்படுத்தத் தாங்கள் சம்பளம் வாங்குகிறோம் என்பதை மறந்துவிட்டார்கள். தபால் பிரிவிலும் இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே மனுவுக்கு எண் போட்டு ஒப்புகைச் சீட்டு தருவார்கள், மனு அதே சமூக நல அலுவலருக்கு ஆட்சியர் வழியாகப் போகும். மறுபடியும் சொல்கிறேன், சீட்டில்லாமல் வீட்டுக்கு வராதீர்கள்.

பதில் இல்லை என்றால் ஒரு மாதம் கழித்துத் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாவட்ட சமூக நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன, இந்த இல்லத்தைக் கடைசியாக ஆய்வு செய்த தேதி என்ன, ஆய்வு அறிக்கையின் நகல் தருக. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

நடக்க முடியாதவர்கள், அலுவலகத்துக்குப் போகவே விடப்படாதவர்கள் 14567 என்ற எண்ணை அழைக்கலாம். முதியோருக்கான இலவச உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. இல்லத்தின் அறிவிப்புப் பலகையில் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கும் நிர்வாகியை நான் நம்புவேன். இலவச சட்ட உதவிக்கு 15100. பூட்டிய அறையில் வைத்திருக்கிறார்கள் என்றால் இந்த வரிசை எதற்கும் காத்திருக்க வேண்டாம், 112-ஐ அழையுங்கள்.

தடை போடுவதும் செலவுக்குப் பணம் மறுப்பதும் பிள்ளைகளே என்றால் பராமரிப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் அதன் தலைவர். பெரியவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் அளித்த ஒருவரோ ஓர் அமைப்போ மனு போடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கட்டச் சொல்ல அதற்கு அதிகாரம் இருக்கிறது. மனுவில் மருந்து, சாப்பாடு என்று மட்டும் கணக்குக் காட்டாதீர்கள். உறவினர் கல்யாணத்துக்குப் போய்வர ஆகும் ஆட்டோ செலவையும் சேருங்கள். 'இயல்பான வாழ்க்கை' என்ற சொல்லை அந்த இடத்தில் எழுதுங்கள்.

கட்டண இல்லங்களுக்கு இன்னொரு பிடியும் இருக்கிறது. மாதம் ஒரு சுற்றுலா, வாரம் ஒரு பஜனை, யோகா வகுப்பு என்று வண்ணத் துண்டறிக்கையில் அச்சடித்து டெபாசிட் வாங்குவார்கள். சேர்ந்த பிறகு ஆள் இல்லை, வண்டி இல்லை என்பார்கள். காசு வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்யாதது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வழிகாட்ட 1915. ஆனால் அந்தத் துண்டறிக்கையும் வாட்ஸப் செய்தியும் கையில் இருக்க வேண்டும். சேரும் நாளிலேயே அவற்றை ரசீதோடு ஒரு கவரில் போட்டுவையுங்கள். இலவச இல்லங்களுக்கு இந்த வழி பொருந்தாது, அங்கே சமூக நல அலுவலகம்தான்.

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வெளியே அனுப்புவது, விருந்தினர் வருவது பற்றிய பத்தியைப் படித்துவிட்டுப் போடுங்கள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

உரிமை ஒரு பக்கம். அழைத்துப்போகிறவர்களின் அஜாக்கிரதை இன்னொரு பக்கம். பிறந்தநாளுக்கு அன்னதானம் போட வரிசையில் நிற்பவர்களில் ஒருவராவது ஒரு வேன் வாடகையை ஏற்கிறேன் என்று சொன்னால் மகிழ்வேன். அப்படி ஏற்பவர்களும் பதினோரு மணிக்குக் கிளப்பி, உச்சிவெயிலில் கோயில் பிராகாரத்தில் நடக்கவிட்டு, மூன்று மணிக்குச் சாப்பாடு போடுகிறார்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும். மயக்கம் என்று படுக்கவைத்து விசிறுவார்கள். நினைவு இருக்கும்போதே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். காலை ஆறரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் திரும்புவது போதும். இல்லையென்றால் மாலை நாலு மணிக்கு மேல். நாலு ஊர் சுற்றிக்காட்டும் ஆசை வேண்டாம், ஒரே இடம்.

கிளம்பும் முன் முதலில் விசாரிக்க வேண்டியது கழிப்பறை. வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறதா, பிடித்து எழக் கம்பி இருக்கிறதா, வீல்சேர் உள்ளே போகுமா என்று ஒருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கழிப்பறைக்குப் பயந்தே பாட்டிமார்கள் முந்தின இரவிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், வெயிலில் சுருண்டு விழுகிறார்கள். "எனக்குக் கோயில் வேண்டாம்ப்பா, நான் இங்கேயே இருந்துக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் கோயில் அல்ல காரணம்.

வண்டி மஞ்சள் போர்டாக இருக்கட்டும். தெரிந்தவரின் வெள்ளை போர்டு வேனை வாடகைக்கு எடுத்து விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கப் பார்க்கும். எஃப்சி, இன்சூரன்ஸ், பெர்மிட் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பெயர், இல்லத்தின் போன் எண், நோய், மாத்திரை எழுதிய அட்டை இருக்க வேண்டும். மறதி உள்ளவரை அன்று காலை உடுத்திய உடையோடு ஒரு படம் எடுங்கள். காணாமல் போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. உடனே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போங்கள்.

அரசு தரும் வசதிகள் இல்லத்தில் இருப்பவர்களுக்கு எட்டாமல் போவது முகவரியால். சென்னையில் வசிக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு, ஆறு மாதத்துக்குச் சேர்த்துத் தருவார்கள். முகவரிச் சான்று கேட்பார்கள். பெரியவரின் ஆதாரில் விற்றுப்போன பழைய வீட்டின் முகவரி இருக்கும், அத்தோடு கதை முடிந்தது. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர், ஆதார் ஆணையத்தின் சான்றிதழ்ப் படிவத்தில் படம் ஒட்டிக் கையெழுத்திட்டுத் தந்தால் ஆதார் மையத்தில் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். நிர்வாகிகள் ஒரு நாள் ஒதுக்கி எல்லோருக்கும் இதைச் செய்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இந்து சமய அறநிலையத் துறை நடத்தும் அறுபடை வீடு, காசி இலவசப் பயணங்களுக்கு வயது 60 முதல் 70 வரை, ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வட்டாட்சியரின் வருமானச் சான்றும் மருத்துவச் சான்றும் சேர்த்து அந்தந்த மண்டல இணை ஆணையர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இல்லங்களில் இருப்பவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள் என்பது துறைக்குத் தெரியாததல்ல. துணைக்கு ஆள் வந்தால் எழுபதுக்கு மேலும் அனுமதிக்கச் சொல்லி அதே அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள், கூட்டாகக் கையெழுத்திட்டு எழுதுங்கள்.

முகவரியை மாற்றும்போது வாக்காளர் அட்டையையும் விட்டுவிடாதீர்கள். படிவம் 8 கொடுத்தால் பெயர் இல்லம் இருக்கும் தொகுதிக்கு வந்துவிடும், சக்கர நாற்காலியில் போயாவது பெரியவர் தன் ஓட்டைத் தானே போட்டுவிட்டு வரலாம். போக முடியாத, 85 வயதைக் கடந்தவர்களுக்கு இருந்த இடத்திலிருந்தே ஓட்டுப்போடப் படிவம் 12டி இருக்கிறது. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் அது போய்ச் சேர வேண்டும். பழைய முகவரியை வைத்துக்கொண்டு அந்த ஐந்து நாளில் ஓடத் தொடங்கினால் எதுவும் நடக்காது. படிவம் 8-ஐ இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.